கறுப்பில் விழும் வெள்ளைப் புள்ளி

இங்க்ஜெட் பிரிண்டரில் ஃபைன் ஆர்ட் பிரிண்ட் போட ரெடிமேட் காட்டன் பேப்பர் வாங்குவதா, வாட்டர்கலர் பேப்பரில் இங்க்கைப் பிடித்து நிறுத்தும் கோட்டிங்கை நாமே பூசிக்கொள்வதா என்று நண்பர் கேட்டார். இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன், சொல்கிறேன்.

காட்டன் மேட் (பளபளப்பில்லாத) பேப்பர், சதுர மீட்டருக்கு 308 கிராம். கனம், சொரசொரப்பு எதிலும் குறையில்லை. வெண்மையூட்டி கலக்காத வகை என்பதால் யூவி டார்ச் அடித்தாலும் நீலமாக ஒளிராது. லேசான கிரீம் கலர்தான், ஆனால் முகங்களின் நிறம் அதில் வருகிற அழகே தனி.

எரிச்சல் அந்த வெள்ளைப் புள்ளி. இரவுக் காட்சி ஒன்றைப் போடுகிறோம், மேட் பிளாக் இங்க்கில் கறுப்பு அருமையாக வருகிறது. காய்ந்த பிறகு தாளின் பின்பக்கம் லேசாகத் தட்டினால் ஒரு துகள் உதிர்கிறது, அது இருந்த இடத்தில் குண்டூசி முனை அளவு வெள்ளை. தாளில் ஒட்டியிருந்த பஞ்சோ, வெட்டும்போது ஓரத்தில் உடைந்த கோட்டிங்கோ, அந்த இடத்து இங்க்கைத் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒவ்வொரு தாளையும் சாய்த்துப் பிடித்து, மெத்தென்ற அகல பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். குறைகிறது, நிற்பதில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதினால் "பிரஷ் செய்து பயன்படுத்தவும்" என்று பதில் வருகிறது. தெரியாதா எங்களுக்கு! மூடுபனி, வெளிர்வானம் மாதிரிப் படங்களில் இது கண்ணிலேயே படாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, நாமே பூசினால்? கோட்டிங் இல்லாத வாட்டர்கலர் பேப்பரில் இங்க் நாருக்குள் இறங்கி, கறுப்பு சாம்பலாகிவிடும். ப்ரீகோட்டை, அதாவது பாட்டிலில் வரும் அந்தக் கோட்டிங் திரவத்தை, ஃபோம் பிரஷ்ஷால் குறுக்கே ஒரு பூச்சு, காய்ந்ததும் நெடுக்கே ஒரு பூச்சு கொடுத்தால் நிறம் மேலேயே நிற்கும். ஈரத்தில் தாள் சுருளும், அதனால் காய்ந்த பிறகு கனமான பலகைக்கு அடியில் வைத்துத் தட்டையாக்க வேண்டும். ஓரம் தூக்கினால் பிரிண்டர் ஹெட் உரசும், அப்புறம் செலவு உங்களுடையது. பிரஷ் தடம் படத்தோடு சேர்ந்து தெரிவது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு தாள் போல இன்னொன்று வராது, கலர் ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழுகிறது என்ற அளவீடு) எடுத்தாலும் தோராயம்தான். பத்துப் பிரதி ஒரே மாதிரி கேட்கிற வேலைக்கு ஆகவே ஆகாது.

நியாயமாகப் பார்த்தால் காட்டன் பேப்பரைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும். ஆனால் இன்று காலை எடுத்த பெரிய பிரிண்ட்டில், கறுப்புப் பின்னணி முழுக்கச் சுத்தமாக வந்து, கையெழுத்துப் போடுகிற மூலையில் மட்டும் ஒரு புள்ளி. ப்ரீகோட் பாட்டிலே வாங்குங்கள். அடுத்த வாரம் கேட்டால் வேறு சொல்வேன்.