எடிசனில் வாங்கிய மெலடோனின்: இரண்டு புட்டி, என் அனுபவம்

மே மாதம் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி, எடிசனுக்குப் போயிருந்தேன். நம் ஊருக்கும் அங்கேயும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். சாயங்காலம் ஐந்து மணிக்கே கண் சொருகும். இரவு ஒன்றரைக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். நான்கு நாள் பார்த்துவிட்டு மகள் தூக்கத்துக்கான மெலடோனின் வாங்கி வந்தாள். அங்கே இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம், வைட்டமின் தட்டிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதால் கும்பகோணத்து டாக்டரைப் போனில் கேட்ட பிறகுதான் வாயில் போட்டேன்.

முதல் புட்டி 5 மில்லிகிராம் 'கம்மி' (gummy), அதாவது மிட்டாய் போல மெல்லுகிற ஜெல்லி, ஸ்ட்ராபெரி வாசனை. இரவு பத்து மணிக்கு ஒன்று மென்றேன். தூக்கம் வந்தது. ஆனால் மறுநாள் பதினொரு மணிவரை தலை கல்லாகக் கனத்தது. இரண்டாம் இரவும் அதே கதை. இதைவிட என்னைப் பயமுறுத்தியது, ஐந்து வயதுப் பேரன் "பாட்டி, எனக்கும் ஒரு மிட்டாய்" என்று கை நீட்டியதுதான். குழந்தைகள் மெலடோனின் விழுங்கிவிட்டதாக அமெரிக்க விஷத் தகவல் மையங்களுக்கு 2012-ல் வந்த அழைப்புகள் எட்டாயிரத்துச் சொச்சம். 2021-ல் 52,000-க்கும் மேல். மருந்தை மிட்டாய் உருவத்தில் செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. புட்டி அன்றே குப்பைக்குப் போனது.

அடுத்து 1 மில்லிகிராம் மாத்திரை, மருந்துத் தரம் பார்க்கும் யுஎஸ்பி (USP) அமைப்பின் முத்திரை பார்த்து வாங்கினோம். முத்திரை முக்கியம். 2023-ல் அங்கே 25 'கம்மி' மிட்டாய் வகைகளைச் சோதித்ததில் 22-ல் லேபிளில் போட்ட அளவு சரியாக இல்லை; ஒன்றில் மெலடோனினே இல்லை.

புட்டியில் 'இயற்கையானது' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி, இருட்டியதும் தானாகச் சுரப்பதுதான் மெலடோனின். அது வரை சரி. மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்தது. எப்படியானாலும் இது ஹார்மோன். உடம்புக்கு 'ராத்திரி ஆகிவிட்டது' என்று நேரம் சொல்கிற வேலை இதற்கு. அதனால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறோம் என்பதே பெரிது. ஒன்பது மணிக்கு ஒன்று, உடனே விளக்கைக் குறைத்துப் போனை வைத்துவிடுவேன். காலை ஆறரைக்குக் காபியோடு வெயில் படும் வாசற்படியில் உட்கார்வேன். மூன்றாம் இரவு ஐந்து மணிவரை தூங்கினேன். ஆறு இரவோடு மாத்திரையை நிறுத்தியும் தூக்கம் கெடவில்லை. ஊர் திரும்பிய பிறகு இன்னும் கஷ்டம், கிழக்கே பறந்தால் அப்படித்தானாம். இங்கேயும் ஐந்து இரவு போட்டுக்கொண்டேன்.

நேர வித்தியாசத்தால் வரும் பயணக் களைப்புக்கு, குறைந்த அளவில், சில நாளுக்கு என்றால் மனதாரச் சொல்வேன், வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் தங்கை மிச்சப் புட்டியைக் கேட்டாள். கணவர் போனதிலிருந்து இரண்டு வருஷமாக அவளுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது. நான் தரவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கமே 2017-ல் சொல்லியிருக்கிறது. அவளுக்கு வேண்டியது வேறு. "அக்கா, ஒன்றே ஒன்று" என்றாள். வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், நானும் கூடப் போகிறேன்.