கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? எந்த மீட்பு டிஸ்க்கைப் போடுவது

பூட் ஆகாத கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் காதில் விழுவது, "ஃபார்மட் பண்ணிடலாம்." அதற்குச் சரி சொல்லிவிடாதீர்கள். ஒரு பென்டிரைவ் இருந்தால் உள்ளே இருப்பதை முதலில் மீட்கப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டலேஷன் யுஎஸ்பி, ஹிரென்ஸ் பூட்சிடி பிஇ, லினக்ஸில் ஓடும் சிஸ்டம்ரெஸ்க்யூ மூன்றையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எதை எடுப்பது என்பது, கெட்டது விண்டோஸா, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கா என்பதைப் பொறுத்தது.

டிஸ்க் நன்றாக இருந்து, அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் யுஎஸ்பியே போதும். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் என்ற மென்பொருளே அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட, நம்பகமான மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பு அமைப்பு) அணைக்க வேண்டியதில்லை. இன்ஸ்டால் பக்கம் போகாமல் ரிப்பேர் பக்கம் போங்கள். ஸ்டார்ட்அப் ரிப்பேரும் கமாண்ட் பிராம்ப்டும் அங்கே இருக்கும். ஃபைல்களை எடுக்க எக்ஸ்ப்ளோரர் கிடையாது. ஆனால் கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேடைத் திறந்து, 'ஓப்பன்' பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' கொடுத்தால் ரைட் கிளிக்கில் காப்பி செய்ய முடியும்.

கமாண்ட் என்றாலே தயங்குபவர்களுக்கு ஹிரென்ஸ். பழகிய விண்டோஸ் டெஸ்க்டாப்பே வரும், மவுஸாலேயே ஃபைல்களை இழுத்துப் போடலாம். 2012-இல் வந்த பழைய 15.2 பதிப்பு இன்னும் பல இடங்களில் சுற்றுகிறது. அதைத் தேடாமல் புதிய பிஇ பதிப்பையே எடுங்கள்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ முதல் இரண்டையும் ஒதுக்கிவிடுவேன். அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து: சாகக் கிடக்கும் டிஸ்க்கிலேயே அது திருத்தி எழுதும். சிஸ்டம்ரெஸ்க்யூவில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாது. நல்ல பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்பதை மேப் ஃபைலில் குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற ஃபைல் மீட்புக் கருவிகளை அந்த நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டும். தரவு முக்கியம் என்றால் இந்தச் சிரமம் தகும். தட்டுகிற சத்தம் விடாமல் வந்தால் மட்டும் கரன்ட்டை நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி நிபுணரிடம் கொடுப்பதே சரி.

எதைப் போட்டாலும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) பூட்டிய டிரைவ் சாவி இல்லாமல் திறக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நீக்க வேண்டியிருந்தது ஒரு சிறிய ஃபைலைத்தான். ஆனால் பிட்லாக்கர் போட்டிருந்த பல கணினிகளில் அதை எட்டவே 48 இலக்க ரெகவரி கீ தேவைப்பட்டது. வீட்டு லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைபவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலிலிருந்தே பார்த்து, இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.