லோக்ரியன் பழக ஏபிள்டன் லைவ் 12: சுரம் ஏழும் தரும், ஆதாரம் தராது

மேஜர் ஸ்கேலின் ஏழாவது சுரத்தை ஆதாரமாக (மெட்டு வந்து அமரும் சுரமாக) வைக்கும் லோக்ரியன் மோடின் சூத்திரம் தெரிந்தும் அதில் நாலு வரி மெட்டுப் போட வராதவர்களுக்கு, 2024-இல் வந்த ஏபிள்டன் லைவ் 12 என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளின் ஸ்கேல் வசதி நல்ல பயிற்சிக்களம். மேல்பட்டையில் ஸ்கேலை இயக்கி, ரூட் பி, பெயர் லோக்ரியன் என்று வைத்தால் போதும். பி, சி, டி, இ, எஃப், ஜி, ஏ ஆகிய ஏழும் பியானோ ரோலில் தனித்துத் தெரியும். அரைச்சுரக் கணக்கில் 1-2-2-1-2-2-2. ‘ஃபோல்ட் டு ஸ்கேல்’ அழுத்தினால் மற்ற ஐந்து சுரங்களின் வரிசைகளும் மறைந்துவிடும், தவறான சுரம் வரைய வழியே இருக்காது.

சிக்கலும் அங்கேதான். ரூட்டை சி, ஸ்கேலை மேஜர் என்று மாற்றிப் பாருங்கள்: அதே ஏழு சுரங்கள். பி-தான் ஆதாரம் என்று திரை நம்பலாம், காது நம்பாது. பி-யும் எஃப்-பும் சேர்ந்து ஒலித்தாலே காது சி-யையும் இ-யையும் எதிர்பார்க்கத் தொடங்கும், மெட்டு சத்தமில்லாமல் சி மேஜருக்குள் போய்விடும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேஜர் ஸ்கேலுக்கு இணையான சங்கராபரணத்தின் நிஷாதத்தை ஆதாரமாக்கிக் கிரகபேதம் செய்தால் பஞ்சமம் கிடைக்காது, இரண்டு மத்யமங்கள் வந்து நிற்கும், மேளகர்த்தா (தாய் ராகம்) எதுவும் பிறக்காது. அந்த வரிசைதான் லோக்ரியன். ஆதாரத்தைத் தாங்கிப் பிடிக்கப் பஞ்சமம் இல்லாததால் அந்த வேலையை நாமே செய்தாக வேண்டும். மென்பொருள் அதைச் செய்யாது.

எனவே முதல் டிராக் சுருதிக்கு. லைவ் பெயரிடும் முறையில் பி1-ஐ (123.5 ஹெர்ட்ஸ்) எட்டு பாருக்கு நீளமாகப் போடுங்கள். சவுண்டு சைன் அலையாக இருக்கட்டும். பலர் செழிப்பாக இருக்கட்டும் என்று, மேல் அதிர்வெண்கள் (ஹார்மோனிக்) நிறைந்த சா (saw, ரம்பப்பல்) அலையை எடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். சா அலையின் மூன்றாவது ஹார்மோனிக் 370 ஹெர்ட்ஸ், அதாவது எஃப் ஷார்ப். மெட்டில் வரும் எஃப்3 349 ஹெர்ட்ஸ். இரண்டும் 21 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உரசும். லோக்ரியனின் முக்கியமான சுரமே அபசுரம் போலக் கேட்கும். சா அலைதான் வேண்டும் என்றால் லோ-பாஸ் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள்.

இரண்டாவது டிராக்கில் மெட்டு. டெம்போ 70 போதும். ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் பி அல்லது எஃப் வரட்டும். சி-யை வலுவான பீட்டில் நிறுத்தாதீர்கள், பி-க்கு இறங்கும் வழியில் தொட்டுவிட்டுப் போகலாம். பேஸில் ஜி கூடாது: மேலே பி-டி-எஃப் இருக்கும்போது கீழே ஜி சேர்ந்தால் அது ஜி7, சி-க்குப் போகாமல் நிற்காது. இ மைனரும் ஆபத்துதான், அங்கே பி வெறும் பஞ்சமமாகச் சுருங்கி இ ஆதாரமாகிவிடும். ஏ மைனரை பி பேஸின் மேல் போட்டு, அங்கிருந்து பி-எஃப் இரட்டைக்கு வருவது நன்றாக நிற்கிறது. முடித்ததும் சுருதி டிராக்கை மியூட் செய்து கேளுங்கள். கடைசி பி-க்குப் பிறகு சி-யைத் தேடுகிறதா காது? அப்படியென்றால் மெட்டில் திருத்த வேண்டியது இருக்கிறது.

பாராட்ட வேண்டியது கார்டு டிவைஸ். அதில் ‘யூஸ் கரன்ட் ஸ்கேல்’ இயக்கி, ஷிஃப்ட் இரண்டை +2, +4 என்று வைத்தால் ஒரு விரலிலேயே அந்தந்தப் படிக்குரிய மூன்று சுரக் கார்டு வரும். பி-யில் டிமினிஷ்டு, சி-யில் மேஜர், டி-யில் மைனர் என்று ஏழையும் வரிசையாகக் கேட்டால், மேஜர் ஸ்கேலின் ஏழு மோடுகளில் ஆதாரக் கார்டே நிலையற்றதாக இருக்கும் ஒரே மோட் இது என்பது புத்தகத்தைவிட வேகமாகப் புரியும்.

சுரங்களைத் தானாக ஸ்கேலுக்குள் நகர்த்தும் ‘ஃபிட் டு ஸ்கேல்’ பொத்தானிடம் மட்டும் கவனம். பி ஃப்ரிஜியனில் (எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப் உள்ள மோட்) மெட்டுப் போட்டு, ஒரே சுரத்தை மாற்றி லோக்ரியனாக்குவது நல்ல பயிற்சி. ஆனால் மாற வேண்டிய எஃப் ஷார்ப்புக்கு எஃப்-பும் ஜி-யும் சம தூரம், பொத்தானுக்கு உங்கள் நோக்கம் தெரியாது. ஃபோல்டை அணைத்து, அந்தச் சுரங்களை மட்டும் தேர்ந்து கையாலேயே ஓர் அரைச்சுரம் இறக்குங்கள்.

பட்டியலில் இருக்கும் சூப்பர் லோக்ரியன் வேறு சங்கதி. அது மெலோடிக் மைனரின் ஏழாவது மோட், நான்காவது படியும் அரைச்சுரம் இறங்கியிருக்கும், பி-யிலிருந்து எண்ணினால் இ-க்குப் பதில் இ ஃப்ளாட். ஜாஸ் வாசிப்பவர்கள் பி ஹாஃப்-டிமினிஷ்டு, இ7, ஏ மைனர் வரிசையில் முதல் கார்டுக்கு லோக்ரியனை வைத்தால் சி-யை நீட்டும்போதெல்லாம் கார்டின் பி-யோடு முட்டும். அங்கே ரூட் டி, ஸ்கேல் மெலோடிக் மைனர் என்று மாற்றுங்கள். சி-க்குப் பதில் சி ஷார்ப் வரும், மற்ற ஆறும் அப்படியே இருக்கும்.