குட்டை மோட்டாருக்கு சோலார்: பேட்டரி இல்லாமலா, ட்யூபுலரா, லித்தியமா?

காட்பாடி, குடியாத்தம் பக்கம் வீட்டுக் குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட் பேனல் வேணும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால், ராத்திரியில் எது ஓடியே ஆகவேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். செலவில் பெரும்பகுதி அதைப் பொறுத்ததுதான்.

கணக்குக்கு 10,000 லிட்டர் குட்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதும் ஃபில்டரைச் சுற்றிவர மணிக்கு 5,000 லிட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 24 வோல்ட், 60 வாட் டிசி மோட்டார் போதும். நாள் முழுக்க ஓடினால் 1,440 வாட்-மணி. வீட்டில் கிடக்கும் ஏசி மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்றால், இன்வெர்ட்டர் தன் பங்குக்கே 15 வாட் எடுத்தாலும் நாளுக்கு 360 வாட்-மணி போய்விடும். அந்தக் கால் பங்குக்கும் சேர்த்துப் பேனலும் பேட்டரியும் வாங்க வேண்டியிருக்கும்.

பேட்டரியே இல்லாத வழிதான் மலிவு. 75 வாட் பேனல் இரண்டை சீரிஸில் (வோல்ட் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்தால் வெயில் இருக்கும்வரை ஓடும். ஆனால் சுமை இல்லாதபோது அந்த ஜோடி 40 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மோட்டார் அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நடுவே ரெகுலேட்டர் வேண்டும். அல்லி, தாமரையோடு நாலு மீன் இருந்தால் இதுவே போதும். மீன் நெருக்கமாக இருந்தால் ஆபத்து. இரவெல்லாம் பாசியும் மீனும் ஆக்சிஜனை இழுக்க, விடியற்காலையில் அது அடிமட்டத்துக்கு இறங்கும். சித்திரை வெயிலில் காய்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. ஓட்டம் நின்ற ஃபில்டரில் நல்ல பாக்டீரியாவும் சாகும். காலையில் மோட்டார் ஓடியதும் அந்த அழுக்கு குட்டைக்கே வரும்.

இரவும் ஓடவேண்டும் என்றால், வெயில் உதவாத 14 மணி நேரத்துக்கு 840 வாட்-மணி. கார்த்திகை அடைமழையில் ஒரு பகல் முழுக்க வெயிலே இல்லை என்று வைத்தால், அந்தப் பகலும் அடுத்த இரவும் சேர்ந்து 2,280. இதற்கு 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் லெட்-ஆசிட் பேட்டரி, இரண்டு சீரிஸில் வைக்கலாம். சாதாரண நாளில் கால் பங்குதான் இறங்கும், மழை நாளில் 63 சதவீதம். லித்தியம் என்றால் 25.6 வோல்ட் 100 ஏஎச் ஒன்றே போதும். ட்யூபுலரில் சார்ஜ் ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், லித்தியத்தில் சுமார் 5 சதவீதம்தான். நவம்பருக்கு நாளுக்கு 4 மணி முழு வெயில், சூடு, தூசி, ஒயருக்கு 25 சதவீத இழப்பு என்று போட்டால், ட்யூபுலருக்கு 550 வாட் பேனல், லித்தியத்துக்கு 500.

ஆனால் வேலூர் வெயில் இரண்டையும் விடாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ட்யூபுலரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டிஸ்டில்டு வாட்டரும் சீக்கிரம் வற்றும். லித்தியம் சூடேறினால் அதன் உள்ளே பாதுகாப்புக்கு இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் சார்ஜையே நிறுத்திவிடும். தகரக் கொட்டகை வேண்டாம், நிழலில் காற்றோட்டமான இடம் பாருங்கள்.

540 வாட் பேனல் வாங்கிவிட்டுக் காசை மிச்சம் பிடிக்க, பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மலிவு ரகமான பிடபிள்யூஎம் போடுபவர்கள் உண்டு. 41 வோல்ட் பேனலை அது பேட்டரியின் 27, 28 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு போச்சு. பேனலின் வோல்ட்டை வீணாக்காமல் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் ரகமான 30 ஆம்பியர் எம்பிபிடிதான் சரி.

எங்கள் ஓட்டு இன்னொரு வழிக்கு: பெரிய மோட்டார் பகலில் மட்டும் பேனலில் ஓடட்டும், இரவுக்கு 20 வாட் ஏர் பம்ப், அதன் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று குட்டையில், இன்னொன்று ஃபில்டருக்குள். 14 மணி நேரத்துக்கு 280 வாட்-மணிதான். 12.8 வோல்ட் 50 ஏஎச் லித்தியமும் தனி 100 வாட் பேனலும் போதும், மழை நாளும் தாண்டும். மீன் மிக நெருக்கமாக இருந்தால் மட்டும் முழுநேர ஓட்டத்துக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் பேனல் தெற்கு பார்த்து 13 முதல் 15 டிகிரி சாய்வு. மோட்டார் 20 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 24 வோல்ட்டுக்கு 3 சதவீதம் விழும். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் இழுத்தால் 12 சதவீதம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.