சிறையா, நிறுத்தி வைத்த தண்டனையா?

2003-இல் பிளாஸ்டர் என்ற கணினிப் புழுவின் (கணினிக்குக் கணினி தானாகப் பரவிக் கெடுக்கும் நிரல்) மாற்று வடிவம் ஒன்றைப் பரப்பிய 18 வயது அமெரிக்க இளைஞனுக்கு 18 மாதச் சிறை கிடைத்தது. 2004-இல் சாஸர் புழுவை விட்ட ஜெர்மன் மாணவனுக்கு, அதை எழுதும்போது வயது 17 என்பதால், சிறார் சட்டப்படி 21 மாதம் நிறுத்தி வைத்த தண்டனை (மறுபடி தப்பு செய்யாதவரை சிறைக்குப் போக வேண்டாம்), கூடவே 30 மணி நேரச் சமூகப் பணி.

சிறைக்கும் நியாயம் இருக்கிறது. சாஸர் பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. விண்டோஸின் ஓட்டை வழியே தானாக நுழைந்து கணினியை மறுபடி மறுபடி அணைத்தது. பிரிட்டன் கடலோரக் காவல் படையே காகித வரைபடத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 'சின்னப் பையன், விளையாட்டாகச் செய்துவிட்டான்' என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. உள்ளே அடைத்துவிட்டால் அவன் கெடுத்ததை அவனே சீர்செய்ய வழியில்லை. ஆனால் 30 மணி நேரம் ரொம்பக் குறைச்சல். 1988-இல் பரவிய மோரிஸ் புழுவை எழுதியவருக்கு 400 மணி நேரச் சமூகப் பணி விதித்தார்கள். அந்த அளவாவது வேண்டும்: பாதிக்கப்பட்ட அலுவலகத்தில், பாதிக்கப்பட்டவர்கள் முன்னால், ஒவ்வொரு கணினியாகச் சுத்தம் செய்யட்டும். அப்புறம் சம்பாதிக்கத் தொடங்கியதும் மாதாமாதம் இழப்பீடு கட்டட்டும்.