மேப் வேலைக்கு டெவலப்பர் எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு அட்வான்ஸ் போடுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். நேத்து நண்பர் ஒருத்தர் இதே மாதிரி வேலைக்கு ஒரு கம்பெனிக்கு பணம் அனுப்பப் போறேன்னு சொன்னார், அதான் உக்காந்துட்டேன். கம்பெனி பேரைப் போடல, கேக்காதீங்க.

நான் தஞ்சாவூர் பக்கம் ட்ரோன் வச்சு வயலுக்கு மருந்து அடிச்சுக் கொடுக்கறேன். ரெண்டு ட்ரோன், நாலு பசங்க, ஏக்கருக்கு 500 ரூபா. இதுல தலைவலியே அளவுதான். நம்ம பக்கம் பெரியவங்க யாரும் ஏக்கர்ல பேச மாட்டாங்க, மூணு மா, அரை வேலின்னுதான் வரும், பட்டாவை எடுத்தா ஹெக்டேர் ஏர்ஸ்னு இருக்கும், ட்ரோன் ஓட்டுற பையன் வேற ஒரு கணக்கு சொல்லுவான், கடைசியில வரப்புல நின்னு சண்டை. அதனால வயலோட மூலைகளை போன்ல குறிச்சா பரப்பு தானா வரணும், பக்கத்துல எந்தெந்த வயல் புக் ஆகியிருக்குன்னு காட்டணும், பில்லும் அதுலயே போடணும்னு ஒரு ஆப் செஞ்சுக்கலாம்னு இறங்கினேன். விசாரிச்சதுல தகவலையெல்லாம் சேத்து வைக்கற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும், அதுல மேப், இடம், பரப்பு கணக்கெல்லாம் போட அதோட சேர்ற போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் தெரிஞ்ச ஆளாப் பாருங்கன்னு சொன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அப்போ, பேரை எழுதி வச்சுக்கிட்டு ஆன்லைன்ல தேடினேன்.

கிடைச்ச கம்பெனி வீடியோ கால்ல ஒருத்தரைக் காட்டினாங்க. பிரமாதமான ஆளு. எட்டு வருஷ அனுபவம்னார், கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில். மொத்தம் 2,40,000 பேசி 1,00,000 அட்வான்ஸ் போட்டேன். அன்னிக்கு பாத்ததுதான், அதுக்கப்புறம் அந்த முகத்தை நான் பாக்கவே இல்ல. அடுத்த மீட்டிங்லேருந்து கேமரா ஆஃப், குரலும் வேற. கேட்டா "அவர் ஆர்க்கிடெக்ட் சார், நான் இம்ப்ளிமென்டேஷன்"ங்கறான் பையன். நானும் சரி கட்டடத்துக்கு இன்ஜினியர் வேற கொத்தனார் வேறதானேன்னு விட்டுட்டேன், முட்டாள்தனம்.

ரெண்டாவது வாரம் ஒரு பில் வந்துச்சு, போஸ்ட்ஜிஐஎஸ் லைசென்ஸ் 35,000 ரூபா. கட்டிட்டேங்க. அது 2001லேருந்து யார் வேணா இறக்கி போட்டுக்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், கனடாவுல ஒரு கம்பெனி ஆரம்பிச்சது, லைசென்ஸுக்கு ஒத்தப் பைசா கிடையாது. போஸ்ட்கிரெஸ்ஸும் அப்படித்தான். இது எனக்கு ஆறு மாசம் கழிச்சுதான் தெரியும்.

முதல் டெமோவுல என் வயலைக் குறிச்சா மேப்ல ஒண்ணுமே வரல. தேடோ தேடுன்னு தேடினா நார்வேக்கும் வடக்க, ஸ்வால்பார்ட் தீவு ஓரமா கடல்ல கிடக்கு. நம்ம ஊரு அட்சரேகை 10.8, தீர்க்கரேகை 79.1. டேட்டாபேஸ்ல தீர்க்கரேகையை முதல்ல கொடுக்கணுமாம், அவன் மாத்திக் கொடுத்திருக்கான், 79 டிகிரி வடக்குன்னா பனிக்கரடி இருக்கற இடம். அதைக்கூட மன்னிச்சுரலாம், எல்லாரும் ஒரு தடவை பண்ற தப்புன்னு பின்னாடி சொன்னாங்க. அடுத்து சரியா ஒரு ஏக்கர் வயலுக்கு பரப்பு 0.0000003ன்னு வந்துச்சு. "கேலிப்ரேஷன் பண்ணணும் சார்"னான். ரெண்டு நாள்ல சென்ட் கணக்குல அழகா நம்பர் வர ஆரம்பிச்சுச்சு, நானும் திருப்தியா மீதி பணத்துல பாதியை அனுப்பிட்டேன். குறுவைக்கு ஆப் ஓடுச்சு, ஏறக்குறைய 900 ஏக்கர் அதுலதான் பில் போட்டோம்.

தப்பைக் கண்டுபிடிச்சது எந்த இன்ஜினியரும் இல்ல, ஒரத்தநாடு பக்கத்துல ஒரு பெரியவர். பில்லைக் கையில வாங்கி கண்ணாடியைத் தூக்கி ரெண்டு தடவை பாத்தார். "தம்பி, எங்கப்பன் காலத்துலேருந்து இது மூணு மா. சர்வேயர் அளந்தும் ஒரு ஏக்கர்தான். நீ 104 சென்ட்னு போட்டுருக்க. உன் மெஷின் மேல பறந்தா நிலம் வளருதா?"ன்னார். வரப்பைச் சேத்து குறிச்சிருப்பாங்க ஐயான்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி பழைய பில்லையெல்லாம் பட்டாவோட வச்சுப் பாத்தா எல்லாத்துலயும் நூத்துக்கு நாலு சென்ட் கூட. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்துலயும். ஏக்கருக்கு 20 ரூபா, 900 ஏக்கருக்கு 18,000 ரூபா நான் ஊர்க்காரங்ககிட்ட கூடுதலா வாங்கியிருக்கேன்.

கம்பெனியைக் கேட்டா ஜிபிஎஸ் எர்ரர்னாங்க. ஜிபிஎஸ் தப்புன்னா ஒரு வயல் கூடும் இன்னொண்ணு குறையும், எல்லா வயலும் ஒரே மாதிரி எப்படிங்க கூடும்? அதுக்கு பதில் இல்ல.

அப்புறம் தெரிஞ்சவர் மூலமா கிண்டியில ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (மேப், நில அளவையெல்லாம் கம்ப்யூட்டர்ல கையாள்ற படிப்பு) படிச்ச ஒரு பொண்ணுகிட்ட காட்டினேன். பத்து நிமிஷம்தான். அண்ணா இவங்க பரப்பை 3857ல கணக்கு போட்டிருக்காங்கன்னுச்சு. அதாவது போன்ல பாக்கற மேப்பை தட்டையா வரையறதுக்கு வச்சிருக்கற முறை அது, பூமத்திய ரேகையிலேருந்து விலக விலக எல்லாத்தையும் ஊதிக் காட்டும், நம்ம தஞ்சாவூர்ல 4 சதவீதம், டெல்லியில அளந்திருந்தா 30 சதவீதம் தாண்டிரும். படம் காட்ட அது போதும், பரப்பு அளக்க ஆகாது. முதல்ல வந்த 0.0000003 கூட டிகிரியை டிகிரியால பெருக்கின நம்பராம், கேலிப்ரேஷனும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. பூமியோட வளைவையும் சேத்து கணக்கு போடற ஜியாகரஃபிங்கற டைப்புக்கு மாத்திட்டு அளந்தா போதும், இல்லன்னா நம்ம பக்கத்துக்கு 32644ங்கற முறை, தீர்க்கரேகை 78லேருந்து 84 வரைக்கும் இருக்கற ஊருக்கெல்லாம் அதுதான். கோயம்புத்தூர், ஈரோடு, நாகர்கோவில்காரங்களுக்கு 32643. ஒரே ஒரு வரி மாத்துச்சு, பெரியவர் வயல் 100 சென்ட் சொச்சத்துல வந்து நின்னுச்சு.

பக்கத்து வயலைத் தேடினா இருபது செகண்ட் சுத்திட்டே நிக்கும், சர்வர் பெருசாக்கணும் மாசம் 6,000 கூட ஆகும்னு சொல்லியிருந்தாங்க. அதுல எந்த வயல் எங்க இருக்குன்னு சட்டுனு தேட உதவற ஜிஸ்ட் இண்டெக்ஸே போடல. அதைப் போட்டு, எல்லா வயலுக்கும் தூரம் அளந்து அப்புறம் கழிக்கறதுக்கு பதிலா இத்தனை தூரத்துக்குள்ள இருக்கறதை மட்டும் எடுக்கற டிவிதின்ங்கற ஃபங்ஷனைப் போட்டதும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வருது. அதே சின்ன சர்வர்தான்.

ஆனா இதெல்லாம் செய்ய எங்களுக்கு டேட்டா கைக்கு வரவே ஒரு மாசம் ஆச்சு. சர்வர் அவங்க பேர்ல, கோடு அவங்க அக்கவுண்ட்ல, பாஸ்வேர்டும் அவங்ககிட்ட. மீதி 70,000 கட்டினாத்தான் தருவோம்னு ஒரு நாள் ஆப்பையே நிறுத்திட்டாங்க, நடு சம்பாவுல. கட்டித்தான் மீட்டேன், வேற வழி தெரியல.

இப்ப யாராவது இந்த வேலைக்கு ஆள் தேடினா நான் சொல்றது இதுதான், முதல் நாளே சர்வரும் கோடும் உங்க பேர்ல இருக்கட்டும், யார் கோடு எழுதப் போறாங்களோ அவங்களையே கேமராவுல உக்கார வச்சு பேசுங்க. பெரிய கேள்வியெல்லாம் வேணாம், சர்வேயர் அளந்த ஒரு வயலோட மூலைகளைக் கொடுத்து நம்ம கண்ணு முன்னாடியே பரப்பு எடுக்கச் சொல்லுங்க, நம்பர் வந்ததும் இதை எந்த முறையில அளந்தீங்க, ஏன்னு கேளுங்க. தெரிஞ்சவங்க உங்க வயல் எந்த ஊருன்னு திருப்பிக் கேப்பாங்க. தெரியாதவங்க கேலிப்ரேஷன்பாங்க. மேப்ல வயல் சரியா வந்து உக்காந்துருச்சேன்னு நம்பிராதீங்க, எனக்கும் அழகாத்தான் உக்காந்துச்சு.

போன வாரம் அவங்ககிட்டேருந்து மெயில், லைசென்ஸ் ரினியூவல், அதே 35,000, ஜிஎஸ்டி தனி.

கூடுதலா வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றேன். பெரியவர் 20 ரூபாயைக் கையில வாங்கல, தாளடிக்கு அடிக்கறப்போ கழிச்சுக்கன்னுட்டார். இன்னும் பதினோரு பேர் பாக்கி.