2019: கிறைஸ்ட்சர்ச்சும் கொழும்பும்

மார்ச் 15 அன்று நியூசிலாந்துப் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஆறே நாளில் பிரதமர் ஆர்டெர்ன் பகுதி தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை அறிவித்தார். ஏப்ரல் 10இல் சட்டம் 119-1 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தடை செய்த ஆயுதங்களை அரசே பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றது.

இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சுமை முஸ்லிம் சமூகத்தின் மேல் விழுந்தது. அவசரகாலச் சட்டம், முகத்தை மூடும் உடைக்குத் தடை. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. ஜூன் 3இல் முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தேசியப் பாதுகாப்பை முன்வைத்த கோட்டாபய ராஜபக்ச வென்றார். ஆனால் பாதுகாப்பில் ஓட்டை இருந்தது உடையில் அல்ல: இந்தியா தந்த முன்னெச்சரிக்கை கிடப்பில் கிடந்தது, பிரதமரை நாட்டின் தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைப்பதே நின்றிருந்தது. இந்தத் தவறுக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு விதிக்க 2023 ஆனது. நியூசிலாந்திலோ, கொலையாளிக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கியதில் போலீஸ் தவறியதை அரச ஆணையம் 2020இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.